பின்ஜன்னல் வாடிக்கை

"உங்க கடைச் சாப்பாட்டை யாரும்மா சாப்பிடுறாங்க?"

விளம்பரக் கம்பெனிக்காரர் இதை அண்ணனிடம்தான் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் போனில் சிலிண்டர்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அதனால் பக்கத்தில் நின்று பார்சல் டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்த சின்னவளிடம் கேட்டுவிட்டார். பதில் அவளுக்குத் தெரியும். சொல்லப்போனால் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திக்குத்தான் முழுசாகத் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஆள் முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்டால் அவளுக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். பதில் தெரிந்த கேள்விகளுக்கெல்லாம் எழுந்து நின்று, நின்றபடியே நின்று, பத்தாம் வகுப்பின் பாதியில் ஒரு திங்கட்கிழமை போகாமலே இருந்துவிட்டாள். அண்ணன் இரண்டு நாள் கத்தினான். மூன்றாம் நாள், "சரி, வந்து டப்பாவையாவது மூடு" என்றான். இரண்டு வருஷமாக மூடிக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன் போனை வைத்துவிட்டு வந்தான். "யாரு சாப்பிடுறாங்களா? எல்லாரும்தான் சார்."

"எல்லாரும்னு சொன்னா யாரும் இல்லைன்னு அர்த்தம்," என்றார் விளம்பரக்காரர்.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பார்சல் கட்டும் மேசையின் மேலேயே ஒரு தாளை விரித்து வட்டம் போட்டார். அதற்குள் இன்னொரு வட்டம். அதற்குள் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு டார்கெட் ஆடியன்ஸ் என்று பெயராம். அந்தப் புள்ளியில் இருப்பது ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த நேரத்தில் பசிக்கிறது, எதற்காக வீட்டில் சமைக்காமல் இங்கே வருகிறார்கள், அதெல்லாம் தெரிந்த பிறகுதான் போர்டில் ஓர் எழுத்தாவது எழுதலாம் என்றார். நூறு படிவங்களைக் கொடுத்து, சாப்பாடு வாங்க வருகிறவர்களிடம் நிரப்பி வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு கோழிப் பொட்டலத்தையும் கையோடு வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணன் ஆரம்பித்தான். அடுப்படியில் சோறு மீந்து கிடக்கிறதாம், இந்த மனுஷன் வட்டம் போட்டு விளையாடுகிறானாம். போர்டு வை என்றால் வைக்க வேண்டியதுதானே, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி வயசென்ன தொழிலென்ன என்று கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி என்றான்.

அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டாள்: "அப்ப எதுக்கு அந்தாளைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நீ சோத்தைக் கிளறு."

அண்ணன் கூட்டி வந்ததற்குக் காரணம் எதிர்க்கடை. ஆறு மாதத்துக்கு முன்னால் தெருவுக்கு அந்தப் பக்கம் திறந்தார்கள். வாசல் முழுக்க விளக்கு, போனில் அமுக்கினால் வீட்டுக்கே வரும் சாப்பாடு, ஒரே மாதிரி சட்டை போட்ட நாலு பேர். அது வந்ததிலிருந்து இங்கே முன்பக்கத்துக் கூட்டம் பாதியாகிவிட்டது. தினமும் பெரிய பானையில் அடிச்சோறு மீந்தது. மழை பெய்தால் கால் பானையே மீந்தது. அண்ணி அதைத் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் மூன்று பேருமே சாப்பிட்டார்கள். இப்படியே போனால் வருகிற மாதம் இரண்டு அடுப்பில் ஒன்றை அணைத்துவிட வேண்டியதுதான் என்று அண்ணி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஓர் அடுப்பில் கடை நடக்காது. அண்ணன் மறுபடி லாரி ஓட்டப் போக வேண்டும். லாரியில் போனால் அவன் குடிப்பான் என்பது அண்ணிக்கும் தெரியும், சின்னவளுக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும் என்பதால்தான் அந்தக் கத்தல்.

படிவம் நிரப்பும் வேலை இரண்டே நாளில் எல்லோருடைய உயிரையும் வாங்கியது. வாங்க வந்தவர்கள் இது ஓட்டர் லிஸ்ட்டா என்று கேட்டார்கள். ஒருவர் தெருமுனைக் குழாயில் தண்ணீர் வராததை இரண்டு பக்கம் எழுதித் தந்தார். 'எங்கள் உணவை உண்ணும்போது உங்களுக்கு ஏற்படும் உணர்வு' என்ற கேள்விக்கு ஒரு டிரைவர் 'பசி' என்று எழுதியிருந்தார். 'எந்தச் சந்தர்ப்பங்களில் வாங்குகிறீர்கள்' என்ற இடத்தில் பத்துப் பேருக்கு எட்டுப் பேர் 'விருந்தாளி வந்தால் மட்டும்' என்று எழுதினார்கள். தினமும் வருகிறவர்களும் அப்படியே எழுதினார்கள். அந்தத் தெருவுக்கு அத்தனை விருந்தாளி வந்தால் நிற்க இடம் இருக்காது.

நாற்பது தாளோடு ஆள் வரத்து நின்றுவிட்டது. மீதியை அண்ணனே உட்கார்ந்து எழுதினான். நீலப் பேனாவில் பாதி, கறுப்புப் பேனாவில் பாதி. எல்லோருக்கும் இருபத்தைந்து வயது, எல்லோரும் ஆண்கள், எல்லோரிடமும் பைக் இருந்தது.

அண்ணி எடுத்துப் பார்த்தாள். "அறுபது பேருக்கும் ஒரே கையெழுத்தா வரும்? யாரு பைக்குல வந்து வாங்குறாங்க? பைக்குல வர்றவனெல்லாம் எதிர்க்கடையிலதான் நிக்கிறான்."

"அதான். அவங்களை இங்க இழுக்கணும்ல. அவங்கதான் டார்கெட்."

"வராதவங்களுக்கா விளம்பரம்?"

"வர்றவங்களுக்கு எதுக்குடி விளம்பரம்? அவங்கதான் வர்றாங்களே."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சின்னவளைப் பார்த்தாள். இவருக்கு நீ சொல்லு என்பது போல. சின்னவள் மூடியை அழுத்தினாள்.

அவள் சொல்லாமல் வைத்திருந்த பதில் அடுப்படிக்குப் பின்னால் இருந்தது. அங்கே சந்துப் பக்கம் பார்த்தபடி ஒரு ஜன்னல். காய்கறி மூட்டை இறக்குவதற்காகக் கம்பி வைக்காமல் விட்டது. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஆறரை வரைக்கும் அதில் பாத்திரங்கள் வரும். முகம் அவ்வளவாக வராது. கை மட்டும் உள்ளே நீளும். அதில் மூடி போட்ட தூக்கோ, வாயகன்ற சட்டியோ இருக்கும். எல்லாம் பெண்கள். ஆபீசிலிருந்தும் கம்பெனியிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் திரும்புகிறவர்கள். டப்பா வேண்டாம், பை வேண்டாம், சொந்தப் பாத்திரத்தில்தான் வேண்டும். வீட்டுக்குப் போய் அடுப்பில் ஏற்றி, பத்து நிமிஷம் கரண்டிச் சத்தம் கேட்க விட்டால், அது அவர்கள் சமைத்த சமையல்.

முதலில் வந்தவள் தபாலாபீஸ் அக்கா. தபாலாபீசில் முத்திரை குத்துகிற வேலை. ஒரு மழை நாளில் பஸ் தாமதமாகி, வீட்டில் அடுப்பு மூட்ட நேரமில்லாமல், மதியச் சாப்பாட்டுத் தூக்கை ஜன்னல் வழியாக நீட்டினாள். மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாள் கூடவே இன்னொருத்தி வந்தாள். இப்போது நாற்பது பாத்திரத்துக்குக் குறையாது. எதிர்க்கடை திறந்த பிறகும் அதில் ஒன்றுகூடக் குறையவில்லை. எப்படிக் குறையும்? வாசலில் நாலு பேர் சட்டை போட்டுக்கொண்டு வந்து மணியடித்தால் ரகசியம் எங்கே இருக்கும்?

அந்த ஜன்னலில் இன்னொரு வேலையும் நடந்தது. அதைச் சின்னவளைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. வாங்கிய சாப்பாட்டைக் கொஞ்சம் கெடுத்துக் கொடுப்பது. ஒரு வீட்டுக்கு வெங்காயம் பெரிசு பெரிசாகக் கிடக்க வேண்டும். அந்த வீட்டு மருமகளுக்குக் கத்தி சரியாகப் பிடிக்க வராது என்பது மாமியாருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நர்ஸ் வீட்டுக்குக் குழைந்த சோறு. கணக்கு டீச்சர் வாரத்தில் ஒருநாள் காரத்தைத் தூக்கலாகப் போடச் சொல்வாள், அன்றைக்கு வீட்டில் யாரோடாவது மனஸ்தாபம் இருக்கும். தபாலாபீஸ் அக்காவுக்கு மீன் கறியில் உப்பு ஒரு கல் குறைய வேண்டும், அடிச்சட்டியிலிருந்து ஒரு கரண்டி சுரண்டிப் போட வேண்டும்.

"தினமும் நல்லா இருந்தா நம்ப மாட்டாரு கண்ணு. லேசா அடிப்பிடிச்சாத்தான் வீட்டுச் சமையல்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஜன்னலில் சின்னவளுக்கு நாக்கு ஒட்டவில்லை. கையைப் பார்த்துப் பேசுவதில் கூச்சம் கிடையாது. "இன்னிக்கு எவ்வளவு கெடுக்கணும்க்கா?" என்று கேட்கக்கூடப் பழகியிருந்தாள்.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. பின்னால் நாலு பாத்திரக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரியும். ஆனால் முன்பக்கம் வந்து நின்று, தலையைத் தூக்கி விலைப்பலகையைப் பார்த்து, என்ன இருக்கு என்று கேட்கிறவர்கள்தான் அவன் மனசில் வாடிக்கைக்காரர்கள். சந்தில் நிற்பவர்கள் அக்கம்பக்கம். பானை அங்கேதான் காலியாகிறது என்று அண்ணி இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

விளம்பரக்காரர் திரும்பி வந்து படிவங்களைப் புரட்டினார். அறுபது பைக்குகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். கோபப்படவில்லை. களைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து, சின்னவளிடம் ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டினார். "நீதானே எல்லா டப்பாவையும் மூடுறே? பேச வேண்டாம்மா. எழுதிக் குடு."

பேச வேண்டாம் என்று அதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

அண்ணன் வெளியே விளம்பரத்துக்குப் பைக் படம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று சிகரெட்டோடு யோசித்துக்கொண்டிருந்தான். அந்தப் படத்தை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் இல்லாத பைக்குக்காரனுக்காக இருக்கிற அடுப்பை அணைத்துவிடுவானே என்றிருந்தது. அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து எழுதினாள். படிவத்தின் முன்பக்கம் போதவில்லை. பின்பக்கமும் எழுதி, ஓரத்திலும் சுற்றி எழுதினாள். எத்தனை பாத்திரம், எந்த நேரம், எதற்காக வருகிறார்கள், யாருக்கு எப்படிக் கெடுக்க வேண்டும், என்ன சொல்லிச் சிரிப்பார்கள், எல்லாம். ஒருத்தர் பெயரையும் எழுதவில்லை. கடைசி வரியில், 'இவர்கள் யார் என்று சொல்லிவிட வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தாள்.

விளம்பரக்காரர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார். பிறகு புள்ளி போட்ட பழைய தாளை எடுத்து, அந்தப் புள்ளியைப் பேனாவால் அழுத்தி அழுத்திப் பெரிசாக்கினார்.

"பேரு எதையும் சொல்ல மாட்டேம்மா. சத்தியமா," என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் பிறகு அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு பிடி இல்லை.

பத்து நாளில் பஸ் நிறுத்தத்துக்கு மேலே போர்டு ஏறியது. நாலு தெருவுக்கும் அந்த ஒரு நிறுத்தம்தான். வேலைக்குப் போகிற ஆண்கள் அத்தனை பேரும் அதன் கீழேதான் ஏறி இறங்குவார்கள். போர்டில் ஒரு பெண் உதட்டில் விரல் வைத்துக் கண்ணடித்தாள். அவள் கையில் தூக்கு. பக்கத்தில் ஆள் உயர எழுத்து:

லேசா அடிப்பிடிச்சாத்தான் வீட்டுச் சமையல்!
உங்கள் பாத்திரம், எங்கள் கைப்பக்குவம்.
வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது.
சாயங்காலம் ஐந்து மணிக்குப் பின்ஜன்னலுக்கு வாருங்கள்.

சின்னவள் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தபோது அண்ணன் உற்சாகத்தில் இருந்தான். போர்டு மட்டுமில்லை, நோட்டீசும் அடித்தாயிற்று, வீட்டுக்கு வீடு தபாலில் போகிறது, கட்டை நானே கொண்டுபோய்த் தபாலாபீசில் வைத்துவிட்டு வந்தேன் என்றான்.

அண்ணி திரும்பினாள். "யார்கிட்ட வச்சீங்க?"

"கவுண்டர்லதான். அதான், நம்ம பின்னால வருமே, அந்த அம்மாகிட்டதான்."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்? மேல இருந்த ஒண்ணை எடுத்துப் படிச்சாங்க. அப்புறம் முத்திரை குத்தினாங்க. அறுநூறு நோட்டீஸ், ஒண்ணு விடாம குத்தினாங்க. நல்ல வேலைக்காரம்மா."

சின்னவள் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடிப்பிடித்தல் பற்றிய அந்த வரியை அந்த அக்கா ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறாள். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே படித்து, அதன் மேல் அறுநூறு முறை குத்தியிருக்கிறாள். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எழுதுறதை எழுதிட்டே, எங்கிட்ட ஒரு வார்த்தை காட்டியிருக்கலாம்ல," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். அண்ணியிடம் இருந்த நல்ல குணம், ஒரு விஷயத்தை ஒரு முறைதான் சொல்வாள். அண்ணனிடம் மட்டும் நூறு முறை.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜன்னலில் ஒரு கையும் வரவில்லை. ஐந்தரைக்கும் வரவில்லை. ஆறு மணிக்குச் சந்தில் ஆள் நடமாட்டம் கேட்டு எட்டிப் பார்த்தாள். ஆண்கள். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒருத்தர் சுவரில் சாய்ந்து போன் பார்த்தார். ஒருத்தர் செருப்பு வாரைச் சரி செய்தார், மறுபடி கழற்றிச் சரி செய்தார். சும்மா அந்தப் பக்கமாக வந்ததாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எல்லோருடைய கண்ணும் சந்தின் வாயிலேயே இருந்தது. பொண்டாட்டி தூக்கோடு வருகிறாளா என்று.

விளம்பரக்காரருக்குப் போன் போட்டு அண்ணன் கத்தினான். அவர் நிதானமாக, கூட்டம் வந்திருக்கிறதல்லவா என்று கேட்டாராம். வந்தவர்கள் சாப்பாடு வாங்க வரவில்லை, சாட்சி தேட வந்திருக்கிறார்கள் என்றான் அண்ணன். கொஞ்ச நாள் பொறுங்கள், பேச்சாகிவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி என்றாராம். போர்டை இறக்கு என்றால், மூன்று மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று, நடுவில் இறக்க முடியாது என்றாராம்.

"அந்தாளு சொன்னாரு சொன்னாருன்னு சொல்லாதீங்க," என்றாள் அண்ணி. "பெரிய பானையில அரைப் பானை சோறு அப்படியே நிக்குது. அதை அந்தாளு வந்து சாப்பிடுவாரா?"

நாலாம் நாள் சாயங்காலம் ஒரு மனிதர் சந்திலிருந்து நேராக ஜன்னலுக்கே வந்துவிட்டார். தபாலாபீஸ் அக்காவின் வீட்டுக்காரர். மரக்கடையில் வேலை, சட்டையில் எப்போதும் மரத்தூள் இருக்கும். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கேட்பதற்கு வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"எங்க வீட்டுல இங்கதான் வாங்குறாளா?"

கை வரும் இடத்தில் முகம் வந்திருந்தது. சின்னவளுக்கு நாக்கு ஒட்டியது. தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

"சத்தியமா?"

மறுபடி ஆட்டினாள்.

"சரி, ஒரு மீன் கறி குடு. நான் சாப்பிட்டுப் பார்த்தாலே தெரிஞ்சுபோயிடும். பன்னெண்டு வருஷமா அவ கைச் சாப்பாடு."

அவள் அடிச்சட்டிப் பக்கமே போகவில்லை. மேலாக, தெளிவாக, துண்டு உடையாமல் எடுத்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்து, டப்பாவில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் அங்கேயே நின்று விரலால் தொட்டுச் சுவைத்தார். கண்ணை மூடி மறுபடி சுவைத்தார். பிறகு முகம் மெதுவாக இளகியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுக் கறி இல்ல இது. இதுல என்னமோ குறையுது," என்றார். சந்தில் நின்ற மற்றவர்களுக்கும் கேட்கும்படி, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். முழு டப்பாவையும் அங்கேயே தின்று தீர்த்துவிட்டுப் போனார்.

சின்னவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது. செய்த தப்பில் பாதியையாவது சரிக்கட்டிவிட்டோம் என்றிருந்தது. அதை அந்த அக்காவிடம் சொல்லிவிட்டால் போதும். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் எழுதி, அடித்து, திருத்தி எழுதினாள். அக்கா திரும்பி வந்தால் நர்ஸ் வருவாள், டீச்சர் வருவாள், மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்துவிடுவார்கள். முதலில் அழைத்து வந்ததும் அவள்தானே.

சனிக்கிழமை மதியம் தபாலாபீஸ் அக்கா வந்தாள். பின்னால் இல்லை, முன்பக்கம். அரை நாள் வேலை முடிந்த நேரம், வாசலில் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். அக்கம்பக்கத்து முகங்கள்தான். சுள்ளென்ற வெயிலில் அவளும் கைப்பையை இடுக்கிக்கொண்டு எல்லோரையும் போல வரிசையில் நின்று, எல்லோரையும் போலத் தலையைத் தூக்கி விலைப்பலகையைப் பார்த்தாள். தன் முறை வந்ததும் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்:

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க. ஒரு சோறு, ஒரு மீன் கறி குடுங்க."

அண்ணனுக்குக்கூட அது புரிந்தது. "விருந்தாளியா, நல்லதுக்கா, இதோ," என்று சொல்லி டப்பாவைத் தானே எடுத்து வைத்தான். வருவதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இந்த வழியில் தினமும் வரலாம். நாற்பது பேரும் வரலாம். அக்கா கவுண்டரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று அண்ணிக்குத் தெரிந்தது. "சின்னவளே, இங்க வா," என்று கூப்பிட்டாள்.

சின்னவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். அக்காவின் முகத்தில் கோபம் இல்லை. கண் ஓரத்தில், ஜன்னலில் கேட்கும் அந்தச் சிரிப்பின் சாயல் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் நாலு நாளாக எழுதித் திருத்தியதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. முன்வாசலில் நின்று, அத்தனை பேர் முன்னால், நாக்கு எங்கேயும் ஒட்டாமல், கணீரென்று அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்து கேட்டாருக்கா. நீங்க இங்க வாங்குறதே இல்லைன்னு சொல்லிட்டேன். ருசி பார்த்தாரு. உப்பைச் சரியாப் போட்டுக் குடுத்துட்டேன், கண்டுபிடிக்கவே முடியல. நீங்க பழையபடி பயப்படாம வாங்க."

வரிசை அசையவில்லை. பிறகு அடுத்து நின்ற ஒருத்தி மெல்லத் தலையைச் சாய்த்து அக்காவைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவரும் பார்த்தார். கடைசியில் நின்ற இருவர் பார்ப்பதற்காக வரிசையை விட்டு வெளியே வந்தார்கள். அதில் ஒருவர் சட்டையிலும் மரத்தூள் இருந்தது.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவளுக்கு இன்னும் புரியவில்லை. அக்கா பதிலுக்கு ஏதாவது சொல்வாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் டப்பாவை நீட்டியபடியே நின்றான். அக்கா அதை வாங்கவில்லை. கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள். வழிவிட்டு ஒதுங்கியவர்களுக்கு நடுவே படி இறங்கி, வெயிலில் போய்விட்டாள்.